மரவாள் தெருவின் மாடிப்படிகள்

விக்டர் ஹ்யூகோவின் பெருநாவலைச் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' வழியாக அறிந்த தமிழ் வாசகர் பலர். அந்நாவலின் பிற்பகுதியில் வரும் தெருத்தடுப்புப் போர் கற்பனையன்று. 1832ஆம் ஆண்டு ஜூன் 5, 6 ஆகிய நாள்களில் பாரிஸில் உண்மையாகவே நிகழ்ந்த கிளர்ச்சி அது. காலராவில் மாண்ட தளபதி லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில் மூண்டு, மறுநாளே பீரங்கிகளால் அணைக்கப்பட்டது. ஹ்யூகோ படைத்த மாணவர்கள், மாரியுஸ் ஒருவன் நீங்கலாக, அந்தத் தடுப்பிலேயே மடிகிறார்கள். அவர்கள் கூடிக் கூடிப் பேசிய அதே இலத்தீன் குடியிருப்பில், அடுத்த ஆண்டு, வேறு சில மாணவர்கள் வேறொரு காரியத்தைத் தொடங்கினர். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. ரொட்டிச் சீட்டும் விறகுச் சீட்டும் இருந்தன. அவர்களுக்கு ஒரு ஹ்யூகோ கிடைக்கவில்லை.

ஒரு மாநகரத்துக் கத்தோலிக்கப் பங்கு தன் எல்லைக்குள் வாழும் ஏழைகளை எவ்வாறு தேடிச் சென்றது, சென்றவர்கள் அங்கே என்ன கற்றனர் என்பதே இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது. சமய வரலாறாக இதனை எழுதியோர் பலர். நம் அக்கறை சற்று வேறு. நகரத்தின் அறிவாளிகள் நகரத்தின் வறியவர்களைக் கண்ணெதிரே காண நேர்ந்த அபூர்வமான தருணங்களுள் இதுவும் ஒன்று என்பதே நம்மை இதன்பால் ஈர்க்கிறது.

முதலில் இடத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். சேன் ஆற்றின் இடக்கரையில் ஒரு மேடு. நகரின் காவற்புனிதையான ஜெனவியேவ் பெயரால் அதனை மலை என்றே அழைப்பர். அதன் உச்சியில் நிற்பது சேன்த் எத்தியேன் துய் மோன் ஆலயம். எத்தியேன் என்பது ஸ்தேவானின் பிரெஞ்சு வடிவம். ஸ்தேவானை நம் கத்தோலிக்கர் முடியப்பர் என்பர். ஆகவே நம் வழக்கில் அது மலைமேல் முடியப்பர் கோவில். பாஸ்கலும் ரசீனும் அங்கேதான் அடக்கமாகியிருக்கின்றனர். பக்கத்திலேயே பாந்தேயோன். கோவிலாகக் கட்டப்பட்ட அதனை, 1830 புரட்சிக்குப் பின் வந்த அரசு மீண்டும் நாட்டின் பெருமக்களுக்குரிய நினைவகமாக்கியிருந்தது. கூப்பிடு தூரத்தில் சோர்போன் பல்கலைக்கழகம். மேடு முழுவதும் நூல்களும் விவாதங்களும் மாணவர் விடுதிகளும்தாம்.

அங்கிருந்து முஃப்தார் தெரு வழியே தெற்கே கால்மணி நேரம் இறங்கி நடந்தால் உலகம் வேறாகிவிடும். அடிவாரத்தில் சேன் மேதார் ஆலயம். அதற்கப்பால் பியேவ்ர் என்ற சிற்றாறு, தோல் பதனிடுவோரும் சாயத்தொழிலாளரும் கழித்துவிட்ட நீரைச் சுமந்து நாறிக்கொண்டு ஓடியது. கந்தல் பொறுக்குவோர், தோல் தொழிலாளர், அன்றாடக் கூலிகள், நாட்டுப்புறத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் ஆகியோர் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. பழைய பிரிவுமுறையில் பாரிஸின் 12ஆம் வட்டம் எனப்பட்ட இப்பகுதியே நகரில் மிக வறியது. ழான் வல்ழான் சேன் மேதார் வாயிலில் ஒரு பிச்சைக்காரனுக்குக் காசு கொடுக்கப்போய், அந்த முகம் காவலதிகாரி ழாவேரின் முகமாக இருக்கக் கண்டு நடுங்குகிறானே, அந்தக் கோவில்தான் இது. பால்சாக்கின் 'கொரியோ கிழவ'ரில் வரும் மங்கிய விடுதியும் இந்தச் சரிவில்தான் இருக்கிறது. பிரெஞ்சு நாவல் வறுமையைத் தேடியபோது அடிக்கடி வந்துசேர்ந்த முகவரி இது எனலாம்.

'பங்கு' என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்கள், அந்நிய மண்ணில் தற்காலிகமாகக் குடியிருத்தலைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. தமிழிலோ கூறு, பாகம் என்ற பொருளுடைய சொல்லே நிலைத்துவிட்டது. ஒருவனுக்குச் சேரவேண்டியதும் பங்கு, அவன் வாழும் திருச்சபை எல்லையும் பங்கு. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் இக்கட்டுரையின் விஷயத்துக்கு இரு சொற்களும் சரியாகப் பொருந்துகின்றன: அந்நியராய் வந்து குடியேறியோர், அவர்களுக்குச் சேரவேண்டிய கூறு.

1831இல் பாரிஸின் மக்கள்தொகை 7,85,000ஐ ஒட்டி இருந்தது. 1832 மார்ச் இறுதியில் காலரா நுழைந்தது. அவ்வாண்டு நகரில் மட்டும் 18,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நெரிசலான வறிய பகுதிகளில் சாவு கூடுதலாக இருந்தது. கிணறுகளில் யாரோ நஞ்சிடுகிறார்கள் என்ற வதந்தி பரவி, ஐயத்துக்குள்ளானோர் தெருவில் அடித்துக் கொல்லப்பட்டனர். நோயைத் தடுக்கவென்று குப்பை அள்ளும் முறையை நகராட்சி மாற்றியபோது, பிழைப்புப் பறிபோகிறதென்று கந்தல் பொறுக்குவோர் கலகம் செய்தனர். திருச்சபையின் நிலையும் நன்றாக இல்லை. கவிழ்ந்த அரச மரபோடு அது நெருங்கி நின்றிருந்ததால், 1831 பிப்ரவரியில் மக்கள் பேராயரின் இல்லத்தைச் சூறையாடியிருந்தனர். குருக்கள் அங்கி அணிந்து தெருவில் நடக்கத் தயங்கிய காலம்.

அந்த 1831இன் இறுதியில் சட்டம் பயில லியோனிலிருந்து வந்தவன் ஃபிரெடெரிக் ஓசானாம். 1813 ஏப்ரல் 23 அன்று மிலான் நகரில் பிறந்தவன், தந்தை மருத்துவர். மின்னியல் மேதை ஆம்பியர் தம் வீட்டில் இவனுக்கு அறை கொடுத்தார். மனம் சோர்ந்திருந்த ஒரு நாளில் முடியப்பர் கோவிலுக்குள் நுழைந்தவன், ஆம்பியர் மூலையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததைக் கண்டு திடுக்கிட்டான் என்று அவன் வாழ்க்கை வரலாற்றாளர்கள் சொல்வதுண்டு. மின்னோட்டத்தின் அலகாக இன்று வழங்கும் பெயருக்குரியவர் அவர் என்பதை நினைத்தால், இளைஞனின் திகைப்பு நமக்கும் புரிகிறது.

மாணவர்களுக்கென்று ஒரு வரலாற்று விவாதக் கூட்டம் நடந்துவந்தது. எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகையாளர் அதனைப் பேணிவந்தார். நம்பிக்கையுள்ளோர், இல்லாதோர், சேன் சிமோனின் சீர்திருத்தக் கொள்கையினர் எனப் பலரும் வந்து வாதிடலாம். ஓசானாம் அங்கே திருச்சபையின் பழம்பெருமைகளை அடுக்குவதில் வல்லவன். ஒரு நாள் எதிரணியினர் எளிமையான ஒரு கேள்வியை எறிந்தனர். அக்காலத்தில் உங்கள் சமயம் அற்புதங்கள் புரிந்தது உண்மைதான். இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் செயல் எங்கே?

இக்கேள்வி கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று. பழம்பெருமை பேசும் எந்தக் கூட்டத்தின் முன்னும், தமிழ்ப் பெருமை பேசும் மேடைகள் உட்பட, இது வைக்கத்தக்கது. பெரும்பாலோர் இன்னும் ஒரு பெருமையை எடுத்துச் சொல்லித் தப்பித்துக்கொள்வர். அம்மாணவர்கள் தப்பவில்லை என்பதுதான் வியப்பு.

1833 ஏப்ரல் 23 அன்று மாலை பாயியின் பத்திரிகை அலுவலகத்தில் அவர்கள் கூடினர். ஓசானாமுக்கு அன்று இருபது வயது நிறைந்தது. உடன் வந்தோர் லெ தயாந்தியே, லமாஷ், லாலியே, தெவோ, கிளாவே. இவர்களோடு நாற்பதை எட்டிக்கொண்டிருந்த பாயி. ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போவது என்று முடிவாயிற்று. கூட்ட முடிவில் தெவோவின் தொப்பி சுற்றி வந்தது; ஆளுக்கு முடிந்ததைப் போட்டனர். இதுவரை எல்லாம் எளிது. எந்த வீட்டுக்குப் போவது? மலைமேல் வாழ்ந்த இம்மாணவர்களுக்கு அடிவாரத்தில் ஓர் ஏழையின் பெயர்கூடத் தெரியாது.

பாயி அவர்களை அனுப்பிவைத்த இடம் மரவாள் தெரு. 'மரத்தாலான வாள்' என்றே பொருள்படும் பெயருடைய அக்குறுந்தெரு முஃப்தாரில் வந்து சேர்கிறது. அங்கே ஒரு கன்னியர் இல்லம். அதன் தலைவி அருட்சகோதரி ரோசாலி ரான்து. வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரியாக்கும் 1633இல் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்தவர். மடத்துச் சுவருக்குள் அடைந்து கிடக்காமல் தெருவிலும் நோயாளர் வீட்டிலும் பணிபுரிவதற்கென்றே ஏற்பட்ட சபை அது.

ரோசாலி 1786இல் ழூரா மலைப்பகுதியில் கோன்ஃபோர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். புரட்சிக் காலத்தில், தலைமறைவான குருக்களுக்கு அவர் குடும்பம் அடைக்கலம் கொடுத்தது. ஓர் ஆயரே வேலைக்காரன் வேடத்தில் அவ்வீட்டில் ஒளிந்திருந்தார். தேடப்படுபவனுக்குக் கதவைத் திறப்பது என்பதை ஏழு வயதில் பார்த்தவர் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. 1802இல் பாரிஸுக்கு வந்து முஃப்தார் பகுதிக்கு அனுப்பப்பட்டார்; 1815 முதல் இல்லத்தின் தலைவி. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவர் அப்பகுதியை விட்டு நகரவில்லை. மருந்தகம், பெண்பிள்ளைகளுக்கான பள்ளி, பணிக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்கான காப்பகம், முதியோர் இல்லம் என்று ஒவ்வொன்றாக அந்த வீட்டைச் சுற்றி முளைத்தன. கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. வேலை கேட்டு வருவோனும், நன்கொடை கொடுக்க வரும் சீமாட்டியும், ஆலோசனை கேட்க வரும் அமைச்சரும் ஒரே கூடத்தில் காத்திருந்தனர்.

காலராவின்போது நடந்ததாக ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. நோயாளி ஒருவனைத் தூக்குக் கட்டிலில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற மருத்துவரைக் கூட்டம் வளைத்துக்கொண்டது. நஞ்சிடுபவன் இவனே என்று கத்தியது. அவர் வாதிட்டுப் பயனில்லை என்றறிந்து, தாம் ரோசாலியின் நண்பர் என்றார். வழி விட்டார்கள். அதே ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் தேடப்பட்டவர்களை அவர் மறைத்துவைத்துத் தப்புவித்தபோது, காவல்துறைத் தலைவர் கைதாணை பிறப்பித்து, பின்னர் தாமே நேரில் வந்து விசாரித்தார். உங்களுக்கு இந்நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன் என்ற பொருளில் ரோசாலி பதில் சொல்ல, அவர் திரும்பிப் போனார். ஹ்யூகோவின் மாணவர்கள் தப்பிப் பிழைத்திருந்தால் அவர்களும் மரவாள் தெருவுக்கே ஓடிவந்திருப்பர் என்று நமக்குத் தோன்றுகிறது.

அவரே சட்ட மாணவர்களுக்குக் குடும்பங்களின் பட்டியலைக் கொடுத்தார். அவர்களிடம் பணம் போதாதென்று, அவர்களால் தாமே வாங்கமுடியும்வரை, தம் கையிருப்பிலிருந்த ரொட்டிச் சீட்டுகளையும் விறகுச் சீட்டுகளையும் தந்துதவினார். அவற்றைவிட முக்கியமாக, வீட்டுக்குள் நுழைவது எப்படி என்பதைக் கற்பித்தார்: பொறுமையாக இருங்கள், உபதேசத்தில் தொடங்காதீர்கள், உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பாரிஸில் ஏழைகளைப் பார்க்கப் போவது என்றால் படியேறுவது. நம் ஊர்களில் வறுமை பெரும்பாலும் பள்ளத்தில் வாழும். மழை பெய்தால் முதலில் நனையும். மின்தூக்கி வராத அக்காலப் பாரிஸில் மாடி உயர உயர வாடகை குறைந்தது. கூரைக்கு அடியிலுள்ள அறைதான் மிக மலிவு; கோடையில் வெந்து, குளிரில் உறைந்தது. மாணவன் அத்தனை படிகளையும் ஏறி, மூச்சிரைக்க, சாய்ந்த கூரையில் தலை இடிக்காமல் குனிந்து நிற்கவேண்டும். உதவி பெறுபவன் வந்து வரிசையில் நிற்கவில்லை. தருபவன் வந்து கதவைத் தட்டினான். இந்தத் தலைகீழ் மாற்றத்தை நாம் சிறிதாக எண்ணக்கூடாது.

ஓசானாம் முதலில் ஏற்றுக்கொண்ட குடும்பத்தின் கதையை அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஐந்து பிள்ளைகளோடு ஒரு பெண். அவள் உழைத்ததையெல்லாம் குடித்துத் தீர்த்து அவளை அடிக்கும் ஒருவன். ரொட்டிச் சீட்டு அந்த வீட்டில் என்ன செய்யும்? ஓசானாம் சில நாள் போய்வந்து விசாரித்ததில், அவர்களுக்குச் சட்டப்படி திருமணமே நடக்கவில்லை என்று தெரிந்தது. அவள் விரும்பினால் பிரிந்துபோகலாம் என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்லி, அரசு வழக்குரைஞரிடம் அதற்கான ஆணையையும் பெற்றுத் தந்தான். மாணவர்கள் பணம் திரட்டி அவளையும் சிறு குழந்தைகளையும் பிரித்தானியில் இருந்த அவள் தாயிடம் அனுப்பினர். மூத்த பையன்கள் இருவரும் பாயியின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தனர். ஒரு சட்ட மாணவன் தன் சட்டப் படிப்பையே தானமாகக் கொடுத்திருக்கிறான். தெருமுனையில் நின்று காசு போட்டிருந்தால் இவற்றுள் எதுவும் அவனுக்குத் தெரிந்திராது.

அடுத்த ஆண்டு, 1834 பிப்ரவரியில், வின்சென்ட் தே பவுலைத் தங்கள் காவலராகக் கொண்டனர். சபை அவர் பெயரைப் பெற்றது. வாராந்தரக் கூட்டம், தொடக்கத்தில் செபமும் சிறு வாசிப்பும், சென்ற வாரம் பார்த்த குடும்பங்களைப் பற்றிய அறிக்கை, அடுத்த வாரத்துக்கான ஏற்பாடு, இறுதியில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாத காணிக்கை. தெவோவின் தொப்பி பிற்காலத்தில் 'இரகசியப் பை' ஆயிற்று. நம் தமிழ்நாட்டு நகரப் பங்குகளிலும் வின்சென்ட் தே பவுல் சபையினர் இந்த ஒழுங்கையே கடைப்பிடிக்கின்றனர். ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் வளாகத்துச் சிறு அறையில் நாலைந்து பேர் குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்த மாத அரிசி யாருக்கு, பள்ளிக் கட்டணம் யாருக்கு என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதைக் கண்டவர்கள் நம்முள் இருப்பர். மொட்டைமாடியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லப்படாத தருமம்.

1834 இறுதிக்குள் உறுப்பினர் நூறைத் தாண்டினர். அறை கொள்ளவில்லை. கூட்டத்தைப் பிரிக்கலாம் என்று ஓசானாம் முன்மொழிந்தபோது டிசம்பரில் கடும் வாக்குவாதம் மூண்டது. நட்புக்காகச் சேர்ந்தவர்களுக்குப் பிரிவு என்பது நட்பின் முறிவாகத் தோன்றிற்று. ஒன்றாக இருக்கும் இன்பத்துக்காக ஏழைகளை மறந்துவிடுவதா என்பது மறுதரப்பு. 1835 தொடக்கத்தில் பிரிந்தனர். எந்த அடிப்படையில்? வயதாலோ படிப்பாலோ ஊராலோ அன்று, பங்கு எல்லையால். ஒரு கூட்டம் முடியப்பர் கோவிலுக்கு, மற்றது சேன் சுல்பீசுக்கு. பின்னர் வலக்கரைப் பங்குகளுக்கும் பரவிற்று. இது நிர்வாக வசதிக்காகச் செய்த ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் இதன்பின்தான் அது ஒரு மாணவர் சங்கம் என்ற நிலையைக் கடந்தது. மாநகரம் என்பது யாராலும் முழுதும் நடந்து தீர்க்கமுடியாத ஒன்று. பங்கோ நடந்து தீர்க்கக்கூடியது. அதன் தெருக்களுக்கு எண்ணிக்கை உண்டு. தன் பங்கில் பசியோடு இருப்பவனைத் தெரியாது என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

பங்கு எல்லைக்கு ஒரு குறையும் உண்டு. செல்வர் வாழும் பங்கில் ஏழைகள் குறைவு. ஏழைகள் நிறைந்த பங்கில் கொடுப்போர் குறைவு. எல்லை என்பது பொறுப்பை வரையறுப்பதைப் போலவே பொறுப்பிலிருந்து தப்பிக்கவும் உதவும். நகரம் பெருகப் பெருக இக்குறையும் பெருகிற்று.

ஓசானாம் பின்னர் சோர்போனில் அயல்மொழி இலக்கியப் பேராசிரியரானார். தாந்தேயைப் பற்றிய அவர் ஆய்வு அக்காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்டது. ஆனால் அவர் சிந்தனையில் நாம் கவனிக்கவேண்டிய திருப்பம் மாடிப்படிகளிலிருந்தே வந்தது என்று கருதுகிறோம். 1836லேயே நண்பர் லாலியேக்கு எழுதிய கடிதத்தில், இனி வரவிருப்பது ஆட்சிமுறைகளுக்கிடையிலான போர் அன்று, ஒன்றுமில்லாதோருக்கும் மிதமிஞ்சி உள்ளோருக்கும் இடையிலான போர் என்று கண்டு சொல்லிவிட்டார். அவருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மார்க்ஸும் எங்கெல்ஸும் தம் அறிக்கையை வெளியிட்ட அதே 1848 பிப்ரவரியில், பிரெஞ்சுக் கத்தோலிக்கர் அரசவையின் பக்கத்தை விட்டு உழைக்கும் மக்களின் பக்கம் கடந்துசெல்ல வேண்டும் என்று எழுதினார். மத்தியதர வாசகருக்கு அது பிடிக்கவில்லை. அவ்வாண்டு வசந்தத்தில் நடந்த தேர்தலில் நின்று தோற்றார்.

ஜூனில் இரத்தம் பெருகியது. வேலையற்றோருக்கான தேசியப் பட்டறைகள் மூடப்படவே தொழிலாளர் மீண்டும் தடுப்புகளை எழுப்பினர். பேராயர் ஆஃப்ர் சமாதானம் பேசச் சென்றால் போர் நிற்கலாம் என்று ஓசானாமும் நண்பர்களும் அவரிடம் போய்ச் சொன்னார்கள். பேராயர் இசைந்தார். ஜூன் 25 அன்று சேன் அந்துவான் பகுதியின் தடுப்பருகே குண்டு பாய்ந்து, 27 அன்று இறந்தார். அந்த யோசனையைச் சொன்னவர்கள் அதன்பின் எப்படி உறங்கினார்கள் என்று நாம் நினைத்துப் பார்க்கலாம். மரவாள் தெருவிலோ, துரத்திவரப்பட்ட அரசுப் படை அதிகாரி ஒருவன் கன்னியர் இல்லத்துக்குள் ஓடிவந்தான். அவனை முற்றத்திலேயே சுடப் போனவர்களின் முன் ரோசாலி நின்றார். இங்கே கொலை நடக்காது என்றார். அவர்களுள் பலர் அவரிடம் மருந்தும் ரொட்டியும் வாங்கி வளர்ந்தவர்கள், துப்பாக்கிகள் தாழ்ந்தன.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பேராயர் நல்லவர், துணிவுள்ளவர். ஆயினும் தடுப்பின் பின்னிருந்தோர்க்கு அவர் ஓர் அந்நியர். ரோசாலி சொன்ன சொல்லுக்குப் பின்னே நாற்பத்தைந்து ஆண்டுப் பழக்கம் இருந்தது.

அக்டோபர் 1848இல் ஓசானாம் இழிவுபடுத்தும் உதவி, மதிப்பளிக்கும் உதவி என்று இரண்டைப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். மேலிருந்து கீழே போடப்படுவது, வயிற்றைப் பற்றி மட்டுமே கேட்பது முன்னது. தருபவனும் பெறுபவனும் ஒருவருக்கொருவர் எதையாவது தந்துகொள்ளும்போது மட்டுமே உதவி மனிதனை மனிதனாக வைத்திருக்கும் என்பது அவர் வாதம். உதவி காயத்தில் ஊற்றும் எண்ணெய்; காயப்படுத்துவதைத் தடுப்பது நீதியின் வேலை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. இதே காலத்தில், ரோசாலியிடம் பயின்ற மற்றொருவரான அர்மான் தே மெலுன் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். வறியோர் நலச் சட்டங்களை ஆராய ஒரு குழு வேண்டும் என்ற அவர் தீர்மானத்தை ஆதரித்தே 1849 ஜூலை 9 அன்று வறுமையை ஒழிப்பது பற்றிய தம் புகழ்பெற்ற உரையை ஹ்யூகோ நிகழ்த்தினார். ஆக, ஹ்யூகோவின் மேடைக்கும் மரவாள் தெருவுக்கும் இடையே ஒரு நூலிழை ஓடுகிறது. மெலுனின் சகோதரர் அனத்தோல் முன்மொழிந்த, சுகாதாரமற்ற குடியிருப்புகள் பற்றிய சட்டம் 1850 ஏப்ரல் 13இல் நிறைவேறியது. வாடகை வீட்டின் சுவர்களுக்குள் நகராட்சி நுழைந்து கேள்வி கேட்கலாம் என்று பிரான்சில் முதன்முதலாக ஏற்றுக்கொண்ட சட்டம் அது. நகராட்சி விரும்பினால் மட்டுமே குழு அமைக்கலாம் என்ற ஓட்டையும் அதில் இருந்தது. பெரும்பாலான ஊர்கள் விரும்பவில்லை. மாடிப்படி ஏறியவர்கள் கண்டதைச் சட்டமாக்குவதற்குள் அது பாதியாகத் தேய்ந்துபோயிற்று.

சபை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1853 ஜனவரியில் ஃப்ளாரன்ஸில் பேசியபோது, பாரிஸில் மட்டும் 2,000 உறுப்பினர் 5,000 குடும்பங்களைச் சந்திக்கிறார்கள் என்று ஓசானாம் கணக்குச் சொன்னார். அவ்வாண்டு செப்டம்பர் 8 அன்று மர்செயில் இறந்தார், வயது நாற்பது. பேரரசன் மூன்றாம் நெப்போலியனின் அரசு இந்த வளர்ச்சியை ஐயத்தோடு பார்த்தது. கட்சியில்லை, ஆயுதமில்லை, எனினும் நாடெங்கும் வாரந்தோறும் கூடுகிறார்கள், எந்தத் தெருவில் யார் பட்டினி என்று அறிந்துவைத்திருக்கிறார்கள். 1861இல் உள்துறை அமைச்சர் பெர்சிஞ்ஞியின் சுற்றறிக்கையைத் தொடர்ந்து சபையின் தலைமைக் குழு கலைக்கப்பட்டது. ஏழையின் முகவரிப் பட்டியல் ஓர் அரசியல் ஆவணம் என்பதை அமைச்சர் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்.

நமக்கு உறுத்துகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பெண் கற்பித்த இச்சபையில் பெண்களுக்கு உறுப்பினராகும் உரிமை இல்லை. 1856இல் இத்தாலியின் பொலோஞ்ஞாவில் பெண்கள் தமக்கெனத் தனிச்சபை தொடங்கினர். இரண்டும் ஒன்றானது 1967இல்தான். பலிபீடத்தின் மரியாதையும் மாணவருக்கே முதலில் கிடைத்தது. ஓசானாமுக்கு அருளாளர் பட்டம் 1997இல், ரோசாலிக்கு 2003இல். வரலாற்று நூல்களிலும் நிறுவனர் பட்டியலில் அவர் பெயர் வருவதில்லை. உதவியவர் என்று ஒரு பத்தி. முதல் ரொட்டிச் சீட்டும் முதல் முகவரியும் அவருடையவை.

கடைசி ஆண்டுகளில் ரோசாலிக்குக் கண்பார்வை மங்கிப் போயிற்று. 1856 பிப்ரவரி 7 அன்று இறந்தார். சேன் மேதாரில் நடந்த இறுதிச் சடங்குக்கு முஃப்தார் முழுதும் திரண்டது, கடைகள் மூடியிருந்தன. மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு எழுப்பிய கல்லில், அதை வைத்தோர் ஏழைகளும் செல்வருமான அவர் நண்பர்கள் என்று பொறித்திருக்கிறார்கள். இன்றும் அங்கே பூக்கள் வைக்கப்படுவதைச் சென்று வந்தோர் எழுதியிருக்கின்றனர்.

அவர் இறந்த சில ஆண்டுகளில் ஓஸ்மான் பிரபு நகரைப் பிளந்து அகலச் சாலைகள் போட்டார். மோன்ஷ் தெரு அப்பகுதியை ஊடறுத்தது. முஃப்தாரின் தென்பகுதி கொபலேன் நிழற்சாலையாக மாறிற்று. பழைய வீடுகளோடு பழைய வாடகைகளும் போயின. ஏழைகள் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர்; அவர்களின் பெயர்கள் இருந்த பட்டியல்களுக்கு உரிய பங்கில் அவர்கள் இல்லை. பியேவ்ர் ஆறு 1912 வாக்கில் முழுவதும் மூடப்பட்டு நிலத்தடிச் சாக்கடையானது. இப்போது முஃப்தார் பாலாடைக்கட்டிக்கும் காய்கறிச் சந்தைக்கும் பெயர்பெற்ற சுற்றுலாத் தெரு. மலையில் மாணவர்கள் இருக்கின்றனர், வாடகை கட்டமுடிந்தவர்கள். ரோசாலியின் பெயரால் ஒரு சிறு சாலை உண்டு. அது அவர் வாழ்ந்த மரவாள் தெருவுக்குத் தெற்கே, 13ஆம் வட்டத்தில், இத்தாலிச் சதுக்கத்தை ஒட்டி இருக்கிறது.